தோட்டத்து அச்சம்

ஓர் உயிரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம் என்பது அதனைக் கொல்வதற்குப் போதிய நியாயமாகுமா? கேள்வி மிகச் சிறியது போலத் தோன்றும். மட்டத்தேளையும் மயிர்க்கொட்டியையும் முன்னிறுத்தி அறம் பேசுவது வேலையற்றோர் வேலை என்று சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும், பெரிய கேள்விகளுக்கு நாம் மேடையிலே சொல்லும் விடைகளைக் காட்டிலும், சிறிய கேள்விகளுக்கு நமது கையிலுள்ள விளக்குமாறு சொல்லும் விடையே நம்மை உள்ளபடி காட்டிவிடுகின்றது. எதிர்த்து வழக்குரைக்கமாட்டாத ஓர் உயிரின்மேல், எவரும் பாராத இடத்தில், நாம் செலுத்தும் அதிகாரம் எத்தகையது என்பதே இங்குள்ள பிரச்சினை.

உரும்பிராயிலிருந்து எழுதுகிறேன் ஆதலின், தோட்டம் என்ற சொல்லை முதலில் விளக்கிவிடுதல் நன்று. பூச்செடி நட்டு மாலையில் உலாவும் இடத்தை நாங்கள் தோட்டம் என்பதில்லை. எங்களூரில் தோட்டம் என்பது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் மரவள்ளியும் விளையும் செம்மண் தறை. ஒரு குடும்பத்தின் சோறும், பிள்ளைகளின் படிப்பும், பெண்மக்களின் கலியாணமும் அதிலிருந்தே வரவேண்டும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கற் பாறையைக் குடைந்த கிணற்றிலிருந்து நீரிறைத்துப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சியே அங்கு பயிர் வளர்க்கின்றனர். இத்தகைய தோட்டத்திலே குனிந்து நிற்பவனுக்கும் அங்குள்ள சிற்றுயிர்களுக்குமிடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. அவன் கை மண்ணுக்குள் இருக்கிறது. கால் வாய்க்காலுக்குள் இருக்கிறது. வாழைச் சருகை இழுத்தால் தேள். குப்பையைக் கிளறினால், பூரான் என்று தமிழகத்தார் வழங்கும் மட்டத்தேள். முருங்கையை உலுப்பினால் மயிர்க்கொட்டி. வரம்புப் புல்லிலே புடையன். ஆதலால் தோட்டக்காரனின் அச்சம் கற்பனையிற் பிறந்ததன்று. தொழிலோடு கூடவே பிறந்தது.

இவ்வச்சத்தை நகையாட, மேசைக்கு முன்னாலிருந்து எழுதும் எவருக்கும் உரிமை கிடையாது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும் 400க்கு மேற்பட்டோர் மடிகின்றனர் என்றும் மதிப்பிட்டது. இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. இத்துணை உயிர்ச்சேதம் நிகழ்ந்தும், உலக சுகாதார நிறுவனம் 2017இலேதான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்துக்கொண்டது. அது இத்தனை காலம் ஏன் புறக்கணிக்கப்பட்டது? கடியுண்டவன் செருப்பில்லாமல் நடந்தவன். விளக்கில்லாமல் நீர் பாய்ச்சியவன். மண்தரையிலே பாய் விரித்து உறங்கியவன். அவன் மரணம் ஊர்ச் செய்தியாகுமேயன்றி உலகச் செய்தியாவதில்லை. பாம்பு ஏழை செல்வர் என்று பார்ப்பதில்லை என்பார்கள். பாம்பு பார்ப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அதன் பல்லுக்கு எட்டுமிடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது என்பதைச் சமுதாயம் பார்த்தே தீர்மானிக்கின்றது.

தேளின் கதையும் இத்தகையதே. இந்தியாவிலே உயிர் குடிக்கும் செந்தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வாழ்கிறது என்பதை இங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டுள்ளனர். கொட்டுண்டவரின் இதயத்தையே அந்நஞ்சு தாக்கவல்லது. உரிய காலத்தில் வைத்தியசாலை சேர்ந்தவர்களுக்கு மருந்துண்டு. எனவே தேளுக்கு அஞ்சாதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஆசிரியன் தன் கடமையிற் பிழைக்கின்றான்.

இவ்விடத்து வள்ளுவரின் நூலமைப்பில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் தகும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்ற கருத்தை அவர் வீரத்தைப் பற்றிய அதிகாரம் எதிலும் வைக்கவில்லை. அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அச்சம் அறிவின் ஒரு தொழில் என்பது இதனாற் பெறப்படும். எதற்கு அஞ்சுவது, எவ்வளவு அஞ்சுவது, அஞ்சியபின் என் செய்வது என்று பகுத்து நிற்கும் அச்சமே மனிதனுக்குரிய அச்சம்.

அத்தகைய அச்சம் எப்படியிருக்கும் என்பதை எங்கள் மண் அண்மைக் காலத்திலே கண்ணாற் கண்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊர்களைவிட்டு ஒரே இரவிற் பெயர்ந்தனர். மறு ஆண்டு மீளத் தொடங்கியபோது வளவுகள் பற்றைக் காடாய்க் கிடந்தன. போர் நடந்த நிலமெங்கும், புல்லுக்குள் புடையன் கிடக்கும் என்ற பழைய அச்சத்தோடு, மண்ணுக்குள் மிதிவெடி கிடக்கும் என்ற புதிய அச்சமும் சேர்ந்துகொண்டது. மண்ணில் மறைந்திருந்து கால்களைப் பறித்த அந்தச் சிறு பொருளை எந்தச் சிற்றுயிரும் ஈன்றதில்லை. மனிதனே செய்து புதைத்தான். அதனை அகற்றியவர்கள் எவ்வாறு அகற்றினர்? எல்லையை வகுத்தனர், எச்சரிக்கைப் பலகை நட்டனர், மண்டியிட்டு அமர்ந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவினர். வடபுலத்துப் பெண்கள் பலரும் அவ்வேலையிற் கூலிக்கு நின்றனர். அஞ்சாதவர்களாலும் அவ்வேலையைச் செய்ய இயலாது. அஞ்சி ஓடுபவர்களாலும் செய்ய இயலாது. அச்சத்தைக் கைக்கருவியாக்கிக் கொண்டவர்களே அதனைச் செய்தனர்.

நிற்க. நமது வளவுகளிலே அன்றாடம் அடிபட்டுச் சாகும் உயிர்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய அச்சத்தாற் சாகவில்லை என்பது புலப்படும். அச்சத்தின் உடையை உடுத்துக்கொண்டு வேறொன்று அங்கே தொழிற்படுகின்றது. அதன் பெயர் அருவருப்பு. அச்சம் ஆபத்தை நோக்குகிறது. அருவருப்போ உருவத்தை நோக்குகிறது. காலில்லாமையும், கால்கள் பலவாக இருத்தலும், வழுவழுப்பும், மயிரும், சட்டென்ற ஓட்டமும் அதற்குப் போதும். ஆராய்ந்து தண்டிப்பது அச்சம். தண்டித்தபின் காரணந் தேடுவது அருவருப்பு.

அறணையை எடுத்துக்கொள்வோம். அறணை கடித்தால் மரணம் என்ற பழமொழியைச் சொல்லாத மாணவரை எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை. எதுகை நன்றாக அமைந்துவிட்டது என்பதைத் தவிர அப்பழமொழிக்கு வேறு ஆதாரமில்லை. அறணைக்கு நஞ்சு கிடையாது. இலங்கையிலுள்ள பல்லியினம் எதற்குமே மனிதனைக் கொல்லும் நஞ்சு கிடையாது. ஓர் எதுகைக்காகத் தலைமுறை தலைமுறையாக ஓர் உயிர் அடிபட்டுச் சாகிறது என்பதைத் தமிழ் படித்தவன் என்ற முறையில் நாணத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது. சாரைப் பாம்பும் அப்படியே. நஞ்சற்ற அப்பாம்பு தோட்டத்து எலிகளைத் தின்று வாழ்வது. அதனை அடித்துக் கொன்ற வளவில் எலி பெருகும். எலியைத் தேடிக் கண்ணாடிப் புடையன் வரும். வாசலிலே நின்ற காவலனைக் கொன்றுவிட்டுக் கள்வனுக்கு அஞ்சும் பேதைமை இது.

நாகத்தைப் பற்றிய நமது நடத்தை இதனினும் விசித்திரமானது. நயினாதீவில் நாகபூசணி என்றும், வன்னியிற் புதூரிலே நாகதம்பிரான் என்றும் கும்பிட்டுப் பால் வார்க்கிறோம். வீட்டு வேலியிற் கண்டாலோ தடியைத் தேடுகிறோம். கல்லாய் இருக்கும்வரை தெய்வம், ஊர்ந்தால் பகை. சிவபுராணத்தை நாள்தோறும் ஓதுகின்ற வீடுகளிலும் இதுவே நிலை. தாம் கடந்து வந்த பிறவிகளை எண்ணுமிடத்து மாணிக்கவாசகர் புழுவையும் பாம்பையும் விலக்காமற் சேர்த்தெண்ணுகிறார். ஓதும் வாய் அதனை உறவென்று சொல்கிறது. கை அதனை ஒருபொழுதும் உறவென்று ஒப்புக்கொண்டதில்லை.

அருவருப்பின் கண் எத்துணைக் குருடு என்பதற்கு முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். 2009ஆம் ஆண்டு அங்குள்ள ஊர்மக்கள் கையகலத்துக்கு மேற்பட்ட பெருஞ் சிலந்தியொன்றைக் கண்டு அஞ்சி அடித்துக் கொன்றனர். எங்கள் பக்கத்திலே புலிமுகச் சிலந்தி என்பார்களே, அவ்வினத்தது. செத்த உடல் ஆய்வாளர் கைக்குச் சென்றது. அதுவரை உலகில் எந்த விஞ்ஞானியும் பெயரிட்டறியாத புதிய இனம் அது என்று பின்னர் தெரிந்தது. அதனைத் தேடும் பணியில் உதவிய காவல்துறை அதிகாரி ஒருவரின் பெயரையே அதற்குச் சூட்டினர். பழைய மரங்களின் பொந்துகளில் வாழும் இயல்பினது அச்சிலந்தி. மரங்கள் அழிந்த இடத்தில், மாங்குளத்துப் பழைய வைத்தியசாலையின் மருத்துவர் விடுதிக்குள்ளும் அதனைக் கண்டனர். அவ்வகைச் சிலந்தி கடித்தால் நோவும் தசைப்பிடிப்பும் உண்டாகும். அதனால் மனிதர் இறந்ததாகச் சான்றில்லை. அதன் வீட்டை நாம் அழித்தோம், நம் வீட்டிற்கு அது வந்தபோது அஞ்சினோம், அஞ்சியதனாற் கொன்றோம். கொன்றபின்னரே அதற்கொரு பெயரிருக்க வேண்டுமென்பது நினைவுக்கு வந்தது.

மண்புழுவின் கதை இதற்கு நேர்மாறானது. நாக்கிளிப் புழு என்று எங்கள் பிள்ளைகளும், நாங்கூழ் என்று இலக்கியமும் வழங்கும் இப்புழுவைக் கண்டு முகஞ் சுழிக்காத நகரத்தார் அரியர். சார்ள்ஸ் டார்வின் தமது இறுதி நூலை இப்புழுவுக்கே அர்ப்பணித்தார் எனலாம். இறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1881இல் அந்நூல் வெளிவந்தது. சட்டிகளிலே மண்ணிட்டுப் புழுக்களை வீட்டுக்குள் வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமோ என்றறியப் பியானோ வாசிக்கச் செய்தார். கேட்காது என்று கண்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்கு 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடலூடாக மேலே வருகிறது என்று கணக்கிட்டார். கலப்பை தோன்றுவதற்கு முன்னரே நிலம் உழப்பட்டது என்பதை உலகம் அறிந்தது. 10 ஆண்டு கழித்து, 1891இல், திருவனந்தபுரத்திலே மெய்யியல் கற்பித்துக்கொண்டிருந்த பெ. சுந்தரம்பிள்ளை தமது மனோன்மணீயம் நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவை விளித்து ஒரு பாத்திரத்தைப் பேசவைத்தார். மண்ணைப் பண்படுத்திப் பயிருக்கு உதவியும் பயனும் புகழும் வேண்டாது மறைந்து வாழும் உழைப்பாளியாக அப்புழு அங்கே காட்சி தருகிறது. விஞ்ஞானியும் புலவனும் ஒரே புழுவின்முன் குனிந்தனர். இருவரும் கண்டது ஒன்றே: உழைப்பு. உழைப்பவனை அருவருக்கும் சமுதாயத்துக்கு அந்தப் புழு ஒரு பாடம்.

இனி, அருவருப்புக்குக் கையிலே விளக்குமாறு மட்டும் இருந்த காலம் போய், விசைத்தெளிகருவி வந்த காலத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே கிருமிநாசினி தெளிப்பதை மருந்தடித்தல் என்கிறோம். நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்ட மொழி நம்முடையது. பெயரே பாதி ஏமாற்றைச் செய்துவிட்டது. மருந்தென்றால் கூடக்கூட நன்மை என்று எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரிந்த புழுவுக்குமாத்திரமன்றி, நாளை வரக்கூடிய புழுவுக்கும் இன்றே அடிக்கிறோம்.

இரசாயனங்களை ஒருமுகமாகச் சபிப்பது நேர்மையாகாது. பூச்சிகளைக் கொல்லும் டி.டி.ரி.யின் ஆற்றலை 1939இற் கண்டறிந்த சுவிற்சர்லாந்துக்காரர் போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது தற்செயலன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் பல்லாயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த இலங்கையில், அதனைத் தெளித்ததன் பயனாக 1963இல் மலேரியா நோயாளர் தொகை 17ஆகச் சுருங்கியது. நுளம்புக்கு அஞ்சியது அறிவுடைய அச்சம். ஆனால் கதை அங்கு முடியவில்லை. நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்ததும், 1967இன் பின் இலட்சக்கணக்கில் அது மீண்டெழுந்தது. வீடு வீடாகச் சென்று குருதி சோதித்து, நோயாளியைத் தேடிச் சிகிச்சை செய்து, நுளம்பின் வாழ்க்கையை அறிந்து தொழிற்பட்ட பின்னரே, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுபெற்றது. நஞ்சு அறிவுக்கு ஏவலாளாயிருந்தபோது உயிர் காத்தது. அறிவின் இடத்தில் அதுவே அமர்ந்துகொண்ட தோட்டங்களிலும் வயல்களிலும் என்ன நேர்ந்தது என்பதை அமெரிக்கப் பெண்மணி றேச்சல் கார்சன் 1962இல் தமது நூலின் மூலம் உலகுக்கு எடுத்துரைத்தார். பூச்சிக்கென்று தெளித்தது பறவைக்கும் மீனுக்கும் சென்றது. இறுதியில் மனிதனின் கொழுப்பிலும் வந்து தங்கியது.

இந்தோனேசியா கற்ற பாடம் நம் நெல்வயல்களுக்கும் பொருந்துவது. அங்கே நெல்லைக் கபிலநிறத் தத்தி என்னும் சிறு பூச்சி அழித்தது. அதற்கென அரசு மானியத்தோடு நஞ்சு வழங்கியது. தெளிக்கத் தெளிக்கப் பூச்சி குறையவில்லை; பெருகியது. காரணம் யாதெனில், அப்பூச்சியைத் தின்று வாழும் சிலந்திகளே முதலில் மடிந்தன. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகை நஞ்சுகளைத் தடைசெய்து, எந்தப் பூச்சி நண்பன், எது பகை என்று பார்த்தறியும் கல்வியை உழவர்க்கு அளிக்கலாயிற்று. சிலந்தியை அருவருத்த கண்ணுக்குச் சிலந்தியைப் படிக்கக் கற்பித்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம். ஆயிரக்கணக்கான கூலியில்லாக் காவலர்களை நாம் ஒரே காலைப்பொழுதிற் கொன்றுவிட்டு, அவர்கள் செய்த வேலைக்குப் பணங்கொடுத்து நஞ்சு வாங்குகிறோம் என்ற உண்மையைக் கணக்குத் தெரிந்த எந்தக் கமக்காரனும் விளங்கிக்கொள்வான்.

இந்த நஞ்சை யார் சுமக்கிறார்? பெரும்பாலும் நிலத்துக்குரியவர் அல்லர். நாட்கூலிக்கு வந்தவனே தொட்டியை முதுகிற் கட்டி, சாரத்தை மடித்து, வெற்றுடம்போடு, காற்று வீசும் திசையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமுமின்றி வரிசை வரிசையாக நடக்கிறான். நிலக்காரரின் அருவருப்பு கூலியாளின் நுரையீரலின் வழியாகவே பயிரைச் சென்றடைகிறது. மட்டத்தேளுக்கு அஞ்சியவர் அவனுக்காக அஞ்சவில்லை.

இன்னுமொரு துயரத்தையும் மறைத்தலாகாது. புழுவுக்கென்று வீட்டுக்குள் வைத்த நஞ்சு, மனமுடைந்த ஒரு கணத்தில் எத்தனையோ உழவர் குடும்பங்களிற் பிள்ளையையும் தாயையும் கொண்டுபோயிற்று. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓரிலட்சம் பேருக்கு 47 என உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுகளை அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்தபின், 20 ஆண்டுகளில் அவ்வீதம் பாதிக்குங் கீழே இறங்கியது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் இதனாற் பிழைத்தன என ஆய்வாளர் கணித்துள்ளனர். அத்தடைகளினால் விளைச்சல் குறைந்ததா என்றும் ஆராய்ந்தனர், குறையவில்லை. விளைச்சலுக்குத் தேவைப்படாத ஒரு கொடுமையை நாம் இத்தனை காலம் நம் தாழ்வாரத்திலே வைத்துப் பூட்டாமல் இருந்திருக்கிறோம். எந்தப் புடையனும் எந்தத் தேளும் இந்தத் தொகையைத் தொட்டதில்லை.

இதற்கு மறுப்பொன்று உண்டு, அது வலிமையானதும்கூட. "உழுதாலே புழு சாகிறது. களை பிடுங்கினாலே முட்டை நசுங்குகிறது. கொல்லாமை பேசுபவர் சோறு உண்பதை நிறுத்தட்டும்" என்பர். இது பழைய சங்கடம். மண்ணைக் கிளறினால் உயிர் சாகும் என்றஞ்சியே சமண இல்லறத்தார் உழவை விட்டு வாணிகத்தை நாடினர் என்பர். ஆனால் அவர்களும் பிறர் உழுத நெல்லையே உண்டனர். பாவத்தை உழவனிடம் விட்டுவிட்டுப் பயனைமட்டும் தாம் எடுத்துக்கொள்ளும் அறம் எனக்கு உவப்பில்லை. வள்ளுவர் கொல்லாமையையும் பாடினார்; உழவையும் உலகுக்கு அச்சாணியாக வைத்தார். இரண்டையும் ஒருவரே சொன்னாரென்றால், உழவன் செய்யும் தவிர்க்கவியலாத சேதத்தை அவர் கொலையென்று எண்ணவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இம்மறுப்பின் நியாயத்தை மறந்தவர்களால் வந்த கேட்டையும் நாம் கண்டோம். 2021ஆம் ஆண்டு இலங்கை அரசு இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் ஒரே ஆணையால் இறக்குமதி செய்யாது தடுத்தது. மாற்றுவழி கற்பிக்கவில்லை, கால அவகாசம் கொடுக்கவில்லை. பயிர் வாடியது, உழவன் தெருவில் இறங்கினான், அவ்வாண்டு முடியுமுன்னரே ஆணை மீளப்பெறப்பட்டது. முன்னர் சொன்ன தடைகள் ஆராய்ந்து, ஒவ்வொன்றாக, கொடியதைத் தேர்ந்து செய்யப்பட்டவை; இதுவோ ஒரு நாட் காலையில் விழுந்த ஆணை. பாம்பு நுழையாத வீட்டிலிருப்பவர், வரம்பில் நிற்பவனைப் பார்த்து அகிம்சை போதிப்பது அறமாகாது. உழவனின் அச்சத்தை மதியாத எந்தச் சீர்திருத்தமும் உழவனிடம் செல்லாது.

எனவே முதலில் எழுப்பிய வினாவுக்கு எனது விடை இது. அச்சம் நம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. கொல்லும் உரிமையை அது தனியே தந்துவிடாது. அவ்வுரிமையைக் கோருமுன் மூன்று கேள்விகளுக்கு விடையிறுக்க வேண்டும். இவ்வுயிர் மெய்யாகவே தீங்கு செய்கிறதா? கொல்லாமல் விலக்க வழியுண்டா? கொல்வதனால் வரும் சுமையை யார் சுமக்கப் போகிறார்? தொட்டிலண்டை வந்த விரியனை அடித்தவன் இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிடுவான். அறணையை அடித்தவன் முதற் கேள்வியிலேயே தோற்பான். வரிசை தவறாமல் நஞ்சு தெளிப்பித்தவன் மூன்றாவது கேள்வியிலே தலைகுனிவான்.

இவ்வளவும் புழுவுக்காக மாத்திரம் எழுதப்படுவதாக எண்ணிவிடலாகாது. அருவருப்பு பெருமளவுக்குக் கற்பிக்கப்படுவதொன்று. தவழும் குழந்தை புழுவைக் கண்டால் கையில் எடுக்கிறது. அதன் கையைத் தட்டிவிட்டுச் "சீ" என்று சொல்லித் தருபவர்கள் நாமே. அதே வீட்டில், அதே ஒலியால், மனிதரில் சிலரைத் தொடலாகாது என்றும் தலைமுறைகளாகக் கற்பித்து வந்தோம். எவர் மண்ணோடும் சேற்றோடும் நாறும் பொருளோடும் அதிகம் உழைத்தனரோ, அவர்களையே அசுத்தர் என்றோம். நம் தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகளை நம் கிணற்றுக் கயிற்றைத் தொடவிடவில்லை. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் மனிதர் மனிதரை மறித்து நின்றபோது, அங்கே நின்றது அச்சமன்று. அஞ்ச வேண்டிய எதுவும் எதிரே இல்லை. நின்றது அருவருப்பு. மேற்கே இது சென்ற எல்லையையும் வரலாறு பதிந்திருக்கிறது. பேனையும் மூட்டைப்பூச்சியையும் கொல்வதற்கென்று ஜேர்மனியிற் செய்து விற்ற சைக்ளோன் பி என்னும் நஞ்சை, நாசிகள் 1941 முதல் அவுஸ்விற்ஸ் முகாமில் மனிதர்மேற் செலுத்தினர். அதற்கு முன்னரே யூத மக்களைப் பேன் என்றும் புழு என்றும் எழுதியும் பேசியும் பழக்கிவிட்டிருந்தனர். மனிதனைப் புழுவென்று அழைக்கும் ஒரு நாவுக்கு, புழுவென்றால் நசுக்கத்தக்கது என்ற இலக்கணம் முன்னமே பாடமாகியிருக்க வேண்டும்.

அந்த இலக்கணத்தை மாற்றும் வேலை நமது வகுப்பறைகளிலும் வரம்புகளிலும் தொடங்கலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகள் தம் வளவிலுள்ள பத்துச் சிற்றுயிர்களைப் பெயரறிந்து, உணவறிந்து, நஞ்சுண்டா இல்லையா என்றறிந்து எழுதட்டும். கடியுண்டவரை மந்திரத்துக்கும் கட்டுக்கும் நாழிகை கடத்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் பழக்கம் ஊரிற் பரவட்டும். நிலமுடையோர் நஞ்சு வாங்கும் பணத்திற் சிறு பகுதியைக் கூலியாளின் சப்பாத்துக்கும் கைவிளக்குக்கும் கையுறைக்கும் செலவிடட்டும். சப்பாத்தணிந்த காலுக்கு வரம்பிலே கொல்லவேண்டிய பாம்புகள் குறைந்துவிடும். விளக்குள்ள கைக்கு இருட்டிலே வீசவேண்டிய அடிகளும் குறையும். மனிதனுக்குப் பாதுகாப்பு வந்த இடத்திலேதான் மற்றைய உயிர்களுக்கும் இரக்கம் வரும். வறியவனை இருளில் வெறுங்காலோடு நிறுத்தி வைத்துவிட்டு அவனிடம் கருணையை எதிர்பார்க்கும் சமுதாயம், பாம்பைக் காட்டிலும் அவனுக்கு அதிகம் தீங்கு செய்கிறது.